சேலம் நகர்மன்றப் பதிவறை: ஓர் ஊர் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்தது

சேலத்தின் பழைய கதையை எழுத உட்காருபவர்கள் முதலில் தேடுவது மூன்று நூல்களை. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனியின் கைக்கு வந்தன. அப்போது இங்கே வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் எழுதிக் குவித்த கடிதங்களின் தொகுப்பு ஒன்று. லெ ஃபானு எழுதி 1883இல் வந்த சேலம் மாவட்ட மேனுவல் மற்றொன்று. எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்து 1918இல் அச்சான கெசட்டியர் மூன்றாவது. என் மேசையிலும் இவை எப்போதும் இருக்கும். ரயத்துவாரி முறை இந்தப் பக்கத்துப் புன்செய்க் காடுகளில் எப்படி வேர்பிடித்தது என்பதை இவற்றை விட்டால் வேறெங்கும் இவ்வளவு விரிவாகப் படிக்க முடியாது.

ஆனால் மூன்றையும் எழுதியவர்கள் ஆள வந்தவர்கள். இந்த நிலம் எவ்வளவு தீர்வை தாங்கும், இந்தச் சாதியார் எப்படிப்பட்டவர்கள், இந்தச் சாலை மழையில் நிற்குமா என்பவையே அவர்களுடைய கேள்விகள். 1876இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் சேலம் மாவட்டம் என்ன ஆனது என்று அவற்றில் தேடினால் ஒரு கணக்கு கிடைக்கும். 1871இல் 19,66,995 பேர், 1881இல் 15,99,595 பேர். மூன்றரை லட்சத்துக்கும் மேல் தலை குறைந்திருக்கிறது. சேலம் நகரின் குகைப் பகுதியில் எந்தத் தெருவில் எத்தனை தறி நின்றுபோனது, செவ்வாய்ப்பேட்டையில் எந்த வீடு பூட்டிக் கிடந்தது என்று கேட்டால் அந்தப் பெரிய நூல்களிடம் பதில் கிடையாது. அவர்கள் நின்று பார்த்த உயரத்திலிருந்து மாவட்டம் தெரிந்தது, தெரு தெரியவில்லை.

தெருவைப் பார்த்து எழுதிய காகிதம் வேறு இடத்தில் பிறந்தது. 1865ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் 1866 நவம்பர் 1ஆம் தேதி சேலம் நகராட்சி அமைந்தது. அன்று தொடங்கி இந்த ஊர் தன்னைப் பற்றித் தானே எழுதத் தொடங்கியது என்று நான் சொல்வேன். விளக்குக் கம்பம் எங்கே நடுவது, சாக்கடையை எந்தப் பக்கம் திருப்புவது, சந்தைக் குத்தகையை யாருக்கு விடுவது என்று ஊரார் கூடிப் பேசி, கைதூக்கி, எழுதிக் கையொப்பமிட்ட காகிதங்கள் அவை. நூற்று அறுபது ஆண்டுக் காலத்துக் காகிதம். இந்த மலரில் மன்றத்தின் சாதனைகளைப் பட்டியலிடப் பலர் இருக்கிறார்கள். நான் அந்தக் காகிதங்களைப் பற்றியே எழுத விரும்புகிறேன். எந்தக் கட்டடத்தையும்விட அவையே இந்த மன்றத்தின் பெரிய சொத்து என்பது என் உறுதியான எண்ணம்.

பழைய நகராட்சிக் காகிதத்தைப் படிக்கப் போகிறவர் முதலில் ஒரு சொல்லில் இடறுவார். 1870களின் காகிதத்தில் 'முனிசிபல் கமிஷனர்' என்று வந்தால் இன்றைய ஆணையரை நினைத்துக்கொள்ளக் கூடாது. அன்று மன்ற உறுப்பினருக்குத்தான் அந்தப் பெயர். மன்றத்துக்குத் தலைமை தாங்கியவர் மாவட்டக் கலெக்டர், அவருக்குப் பெயர் பிரசிடென்ட். 1884ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் 'கவுன்சிலர்' என்றும் 'சேர்மன்' என்றும் காகிதம் பேசத் தொடங்குகிறது. 1930களில் அரசு நியமித்த நிர்வாக அதிகாரிகள் வந்தபோது 'கமிஷனர்' என்ற அதே சொல் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் படித்தால், ஊர்க்காரர் ஒருவர் எழுப்பிய எதிர்ப்பை அதிகாரியின் உத்தரவு என்று எழுதிவிடுவோம்.

அந்தச் சொல்லோடு சேர்ந்தே நினைவுக்கு வருபவர் சி. விஜயராகவாச்சாரியார். 1852இல் பிறந்தவர், 1881இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கியவர், மறு ஆண்டே நகராட்சி மன்றத்தில் உறுப்பினர். அந்த 1882ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றிய தம் தீர்மானத்தை வெளியிட்டார். 'ரிப்பன் எங்கள் அப்பன்' என்று தமிழ்நாடு கொண்டாடியது அதற்காகத்தான். ஆகஸ்டில் சேலத்தில் கலவரம் வெடித்தது. கோயில் ஊர்வலமும் மசூதியும் தொடர்பான தகராறு தீயாகப் பரவி, ஊரின் மனத்தில் நீண்ட நாள் ஆறாத காயத்தை விட்டுப்போனது. கலவரத்தைத் தூண்டினார் என்று விஜயராகவாச்சாரியார் மீது வழக்குப் போட்டார்கள். பத்து ஆண்டு சிறை என்று தீர்ப்பானது. சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

பலருக்கும் தெரிந்த கதை இதுவரைதான். மன்றத்தின் வரலாற்றுக்கு உயிரான பகுதி இதற்கு அடுத்தது. அரசு அவரை முனிசிபல் கமிஷனர் பதவியிலிருந்தும் நீக்கியிருந்தது. விடுதலையானதும் அவர் அதை விட்டுவிடவில்லை. இந்தியா மந்திரியையே பிரதிவாதியாக்கி வழக்குத் தொடுத்தார். குற்றச்சாட்டு இன்னதென்று சொல்லி விளக்கம் கேட்காமல் ஒருவரை மன்றத்திலிருந்து நீக்க முடியுமா என்பது கேள்வி. வழக்கு அவருக்குச் சாதகமாக முடிந்து 100 ரூபாய் நஷ்டஈடு கிடைத்தது. சென்னை வரிசைச் சட்ட அறிக்கையின் ஏழாம் தொகுதியில் இந்த வழக்கு அச்சாகியிருக்கிறது. யாரையும் தண்டிக்கும் முன் அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்ற நீதிக்கு இந்திய நீதிமன்றங்கள் பின்னாளில் மேற்கோள் காட்டிய பழைய வழக்குகளில் இதுவும் ஒன்று. 1920இல் நாக்பூர் காங்கிரசுக்கு அவர் தலைமை தாங்கியதை ஊர் மறக்கவில்லை. ஒரு நகராட்சி நாற்காலியின் மதிப்பை அரசாங்கத்துக்கே கற்பித்தார் என்பதை நாம் இன்னும் போதுமான அளவு சொல்லவில்லை. அந்த நூறு ரூபாய் எனக்குப் பெரிய தொகையாகவே தெரிகிறது.

இந்த வழக்கை ஆராய வேண்டுமானால் காகிதம் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். மன்றத்தின் தீர்மானப் புத்தகம் சேலத்துக்கு உரியது. நீதிமன்றத் தீர்ப்பு அச்சில் இருக்கிறது. அரசின் நீக்க உத்தரவு போன்றவை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் அரசாணைக் கட்டுகளைச் சேர்ந்தவை. 1909இல் சென்னை ரிக்கார்டு ஆபீஸ் என்று கட்டப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கு, அந்தக் கால நகராட்சிகள் அனுப்பிய தீர்மான நகல்களும் ஆண்டு நிர்வாக அறிக்கைகளும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இங்கே கரையான் தின்றுவிட்ட தீர்மானம் அங்கே நகலாகப் பிழைத்திருக்கலாம். உள்ளூர் வரலாறு எழுதும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இங்கே இல்லை என்று சொன்னால் மனம் தளர வேண்டாம், எழும்பூருக்கு ரயில் ஏறுங்கள்.

நாமக்கல் பக்கத்து நண்பர்களுக்கு இன்னொரு குறிப்பு. 1910இல் நாமக்கல் தாலுகாவைச் சேலத்திலிருந்து பிரித்துத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் சேர்த்தார்கள். 1929இல்தான் திரும்பி வந்தது. ஆகவே அந்தப் பத்தொன்பது ஆண்டுக் காகிதத்தைச் சேலத்தில் தேடிக் களைப்பது வீண், திருச்சி மாவட்டக் கட்டுகளில் தேட வேண்டும். நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கிய 1997 ஜனவரி 1க்கு முந்தைய காகிதத்துக்கு மீண்டும் சேலம். சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகரின் நடுவே ஓடி நாமக்கல் பக்கம் காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாறு இந்த எல்லைக் கோடுகளைப் பொருட்படுத்தியதே இல்லை. நகரச் சாக்கடை அந்த ஆற்றில் விழுந்ததால் கீழ்ப் பாசனக்காரர்கள் பட்ட பாட்டை எழுத நினைப்பவர், இரண்டு மாவட்டக் காகிதத்தையும் ஒன்றாக வைத்துப் படித்தாக வேண்டும்.

இனிப் பதிவேடுகளுக்கு வருகிறேன். தீர்மானப் புத்தகம் பெரியவர்களின் பேச்சு என்றால், சாதாரண மக்கள் வாழ்வது பதிவேடுகளில்.

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் பழைய வீட்டு வரி ரசீதுகளை நூல் கோத்துக் கட்டி வைத்திருந்தார்கள். சிறுவனாக இருந்தபோது அது எனக்குக் குப்பை. பின்னாளில் ஒரு நாள் நிதானமாகப் பிரித்துப் பார்த்தபோது, ரசீதில் ஒரு கட்டத்தில் தாத்தாவின் பெயர் மறைந்து பாட்டியின் பெயர் வந்தது தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் பெயர் அச்சுப் படிவத்தில் மைபட்டு நின்ற இடம் அது ஒன்றுதான். அந்த ரசீதின் மறுபாதி அலுவலகத்து வரிக் கேட்புப் பதிவேட்டில் இருந்திருக்கும் என்ற எண்ணம் வந்த நாளிலிருந்துதான் எனக்குப் பதிவறைப் பைத்தியம் பிடித்தது.

சொத்து வரி மதிப்பீட்டுப் பதிவேடு பார்வைக்கு வறண்டது. வரி விதிப்பு எண், கதவு எண், உரிமையாளர் பெயர், ஆண்டு வாடகை மதிப்பு, அரையாண்டு வரி, குறிப்பு என்று கட்டம் கட்டமாக ஓடும். ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த மறுமதிப்பீட்டுப் புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துப் பாருங்கள். ஒரு பெரிய வீடு அ, ஆ, இ என்று உடைகிறது, அது பாகப்பிரிவினை. கூரை வீட்டின் வாடகை மதிப்பு திடீரென்று நான்கு மடங்கு ஏறுகிறது, அது மாடி எழுந்த ஆண்டு. உரிமையாளர் பெயருக்குப் பக்கத்தில் மைனர் என்றும் கார்டியன் என்றும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது, வீட்டுத் தலைவர் இளம் வயதில் போய்விட்டார். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகள், அம்மாப்பேட்டை, குகைத் தறிகள், லீ பஜார் மண்டிகள் எல்லாம் குடும்பம் குடும்பமாகக் கைமாறிய கதை இந்தக் கட்டங்களுக்குள்தான் இருக்கிறது. வீடு காலியாக இருந்த அரையாண்டுக்கு வரித் தள்ளுபடி கேட்டு எழுதும் மனுக்களை நான் தனியாகச் சொல்வேன். ஓர் ஊரிலிருந்து ஜனங்கள் எப்போது ஓடினார்கள் என்பதை அந்த மனுக்களைப்போல் துல்லியமாகக் காட்டும் காகிதம் வேறில்லை.

அப்படி ஜனங்கள் ஓடிய காலம் சேலத்துக்கு உண்டு. 1901 கணக்கெடுப்பில் நகரில் 70,621 பேர். 1911இல் 59,153. 1921இல் 52,244. இருபது ஆண்டில் நாலில் ஒரு பங்கு ஊர் காணாமல் போயிருக்கிறது. பிளேக் திரும்பத் திரும்ப வந்த ஆண்டுகள் அவை, முடிவில் 1918இல் இன்ஃபுளுவென்சாவும் வந்து சேர்ந்தது. கணக்கெடுப்பு பத்து ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். இறப்புப் பதிவேடு அன்றாடம் எழுதப்படுவது. சென்னை மாகாணத்துக்கு 1899இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் தனியாகவே வந்தது. பெயர், வயது, ஆணா பெண்ணா, தெரு, இறந்த காரணம். அந்தக் காரணக் கட்டத்தைத் தேதி வாரியாகவும் தெரு வாரியாகவும் ஒரு படத்தில் குறித்துக்கொண்டே போனால், நோய் எந்தத் தெருவில் நுழைந்து எந்தப் பேட்டையைத் தாண்டிப் போனது என்று கண்ணால் பார்த்துவிடலாம். மருத்துவக் கல்லூரி மாணவர்களும் வரலாற்று மாணவர்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. சேலத்தில் இருவரும் இருக்கிறார்கள்.

பிறகு 1931 கணக்கைப் பாருங்கள்: 1,02,179. பத்தே ஆண்டில் ஏறக்குறைய இரட்டிப்பு. இப்படிப்பட்ட தாவலைக் கண்டவுடன் பிள்ளைப்பேறு கூடியது என்று எழுதிவிடக் கூடாது, எல்லை மாற்றத்தையும் வந்து குடியேறியவர்களையும் முதலில் சோதிக்க வேண்டும். நம் காலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1991இல் 3,66,712 ஆக இருந்த சேலம் 2001இல் 6,96,760 ஆனது. இடையில் 1994 ஜூன் 1 அன்று மாநகராட்சி பிறந்து, சூரமங்கலம் நகராட்சியும் ஜாரி கொண்டலாம்பட்டி பேரூராட்சியும் சுற்று ஊராட்சிகளும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. புதிய தெருப் பெயர்கள் மதிப்பீட்டுப் பதிவேட்டில் எந்த அரையாண்டில் முதன்முதலாக நுழைகின்றன என்று பார்ப்பவருக்குத்தான் இந்தத் தாவல்களின் உண்மை பிடிபடும்.

ஊர் இளைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் நகராட்சி தன் வாழ்நாளின் பெரிய வேலைகளில் ஒன்றைச் செய்து முடித்தது. ஜருகுமலைக்கும் போதமலைக்கும் நடுவே, பனமரத்துப்பட்டியில் 2,137 ஏக்கர் பரப்பில் ஏரி. 1911 முதல் அந்தத் தண்ணீர் சேலத்துக்கு வந்தது. இவ்வளவு பெரிய ஏரி பொதுப்பணித் துறைக்குச் சொந்தமாக இல்லாமல் ஒரு நகர்மன்றத்துக்குச் சொந்தமாக இருப்பது அபூர்வம். இன்றும் அது மாநகராட்சியின் ஏரிதான். 1934இல் மேட்டூர் அணை முடிந்தது, பின்னர் காவிரித் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கியது, பனமரத்துப்பட்டி மெல்ல மறந்துபோனது. சீமைக் கருவேலம் ஏரிக்குள் இறங்கிக் காடாகிவிட்டது. ஏரியை மீட்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நான் கேட்பது, அதன் பழைய வரைபடமும் வரத்து வாய்க்கால் குறிப்பும் நில எடுப்புக் கோப்பும் எங்கே என்றுதான். தண்ணீர் எந்த ஓடை வழியாக வந்தது என்று நூறு ஆண்டுக்கு முன்பு அளந்து வரைந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அந்தக் காகிதம் இல்லாமல் தூர் எடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணறு வெட்டுவதுபோல.

ஏரித் தண்ணீர் வந்த அதே 1911இல் மன்றத்துக்குள் வந்தவர் சி. ராஜகோபாலாச்சாரியார். 1917 முதல் 1919 வரை சேர்மன். ராஜாஜியின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளை ஒரு பத்தியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தையும் சில காலம் நாட்டையே தலைமைப் பொறுப்பில் இருந்து பார்த்த ஒருவர், நிர்வாகம் என்றால் என்னவென்று கற்றுக்கொண்ட இடம் இந்த மன்றத்தின் மேசை. சேலம் நகர்மன்றத்துக்கு முதல் தலித் உறுப்பினர் தேர்வானது அவர் சேர்மனாக இருந்தபோதுதான். 1918இன் இன்ஃபுளுவென்சாவும் அவர் காலத்தில்தான் வந்தது. அவர் கையொப்பமிட்ட தீர்மானங்களை வரிசையாகப் படித்து, கடும் நோய்க் காலத்தில் ஒரு சிறு நகராட்சி என்ன செய்தது, என்ன செய்ய முடியாமல் தவித்தது என்று ஒரு முழு நூலே எழுதலாம். முதல் தலித் உறுப்பினர் மன்றத்தில் என்னென்ன கேட்டார், எந்தத் தெருவுக்கு எது வேண்டும் என்றார் என்பதையும் அந்தத் தீர்மானப் புத்தகத்தில்தான் தேட வேண்டும். வேறு யாரும் அதை எழுதிவைக்கவில்லை.

காகிதத்தின் மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீர்மானங்கள் ஆங்கிலத்தில் ஓடின. மனுக்கள் பெரும்பாலும் தமிழில் வந்தன. தெருவிளக்கு எரியவில்லை என்று ஊரார் கூடிக் கையெழுத்தும் கைநாட்டும் இட்டு எழுதிய அர்ஜியில் அந்தக் காலத்துச் சேலத்துப் பேச்சு அப்படியே இருக்கும். ராஜாஜியும் நண்பர்களும் 1916இல் இதே ஊரில் தமிழ்ச் சாஸ்திரச் சொற்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். வேதியியலையும் தாவரவியலையும் தமிழில் சொல்ல முடியும் என்று காட்டுவது அதன் நோக்கம். அலுவலகக் காகிதம் தமிழுக்கு வர 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நகராட்சி ஆணையராக வேலை பார்த்த கீ. இராமலிங்கனார் ஆட்சித் தமிழுக்காக உழைத்ததை இங்கே நன்றியோடு நினைக்கிறேன். 1950களின் இறுதிக் கோப்புகளைப் புரட்டினால் ஒரே குறிப்பில் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். எழுத்தர்கள் புதுச் சொற்களைத் தயங்கித் தயங்கிப் பழகிய சுவடு அது. கூடவே கணக்கும் மாறியது. 1957 ஏப்ரலுக்கு முந்தைய பக்கத்தில் ரூபாய், அணா, பை. அதற்குப் பிறகு நயா பைசா. நிலவரிக் காகிதம் கலந்திருந்தால் பசலி ஆண்டு வரும். ஜூலை முதல் தேதியில் தொடங்கும் அந்த ஆண்டோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

சின்னச் சின்ன வரிகளின் காகிதத்தை யாரும் மதிப்பதில்லை. எனக்கு அவைமீது தனிப் பிரியம். ஊர் எல்லையில் வண்டிக்குச் சுங்கம் வாங்கிய டோல்கேட்டுகள் 1931இல் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்ததும் மூடப்பட்டன. பெயர் மட்டும் பல ஊர்களில் பேருந்து நிறுத்தமாக நிற்கிறது. அந்தச் சுங்கக் குத்தகைக் கணக்கு இருந்தால், எந்தச் சாலை வழியாக எவ்வளவு பருத்தியும் தானியமும் சேலத்துக்குள் வந்தது என்று தெரியும். சைக்கிள் வரிக்கு வில்லை கொடுத்த பதிவேடு, ஒரு நெசவாளி முதன்முதலில் எப்போது சைக்கிள் வாங்கினார் என்று சொல்லும். கேளிக்கை வரி உள்ளாட்சிக்கு வந்து சேர்ந்த வரி. டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1935இல் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த ஊர் இது. அந்தப் படங்களை இந்த ஊர் எத்தனை வாரம் பார்த்தது என்பதைக் கொட்டகைகளின் கேளிக்கை வரிக் கணக்கிலிருந்தே எழுதிவிடலாம். மண்ணெண்ணெய்த் தெருவிளக்கிலிருந்து சேலம்–ஈரோடு மின்சார விநியோகக் கம்பெனியின் விளக்குக்கு மாறிய ஒப்பந்தம், 1857இல் பள்ளியாகத் தொடங்கி 1879இல் கல்லூரியாக உயர்ந்து நீண்ட காலம் நகராட்சிக் கல்லூரி என்றே அறியப்பட்ட இன்றைய அரசு கலைக் கல்லூரியின் வரவு செலவு, இன்னும் எத்தனையோ.

தெருப் பெயர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தெருப் பலகையிலிருந்து சாதிப் பெயரை எடுக்க 1978இல் அரசு உத்தரவிட்டது, 2025இலும் அதே நோக்கத்தோடு ஆணை வந்தது. பலகையிலிருந்து அவை போக வேண்டியவைதான், எனக்கு அதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் பழைய பதிவேட்டில் உள்ள பெயரை யாரும் அடித்துத் திருத்த வேண்டாம். எந்தத் தெருவில் யாரை ஒதுக்கிவைத்தோம், எந்தத் தெருவுக்குக் குழாய் கடைசியாக வந்தது என்பதைப் பேரன் பேத்திகளுக்குச் சொல்ல அந்தப் பெயர்கள் சாட்சியாக இருக்க வேண்டும். பழைய பெயரும் புதிய பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வரும் ஓர் அட்டவணை போதும்.

இந்தக் காகிதங்கள் எப்படி அழிகின்றன என்பதை மறைத்துப் பேச முடியாது. அலுவலக நடைமுறையில் முடிந்த கோப்புக்கு ஆயுள் எழுதுவார்கள். ஓ.மு. என்றால் ஓராண்டு. மூ.மு. என்றால் மூன்றாண்டு. ப.மு. பத்தாண்டு. நி.மு. என்று குறித்தவை நிரந்தரம். கோப்பை முடிக்கும் எழுத்தர் அந்த ஒரு நிமிடத்தில் எழுதும் இரண்டு எழுத்துத்தான் ஒரு தெருவின் வரலாறு பிழைக்குமா போகுமா என்று முடிவு செய்கிறது. தெருக்குழாய் கேட்டு ஊரார் கொடுத்த மனு அநேகமாக மூன்றாண்டு தாண்டாது. இரண்டாவது ஆபத்து இணைப்பு. ஓர் ஊராட்சியோ பேரூராட்சியோ பெரிய உடம்போடு சேரும்போது நாற்காலி, மேசை, சைக்கிள் எல்லாம் பட்டியலில் ஏறும். பழைய கட்டுகளை ஏற்றிவர வண்டி கிடைப்பதில்லை. ஜில்லா போர்டுகள் கலைந்தபோதும் பல இடங்களில் இதுதான் நடந்தது. மூன்றாவது மழை.

பல ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்துச் சிற்றூர் அலுவலகம் ஒன்றின் பதிவறைக்குள் என்னை அனுமதித்தார்கள். ஓட்டுக் கூரை ஒழுகிய மூலையில் இருந்த கட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல்போல் இறுகியிருந்தன. எந்த ஆண்டு என்று பார்க்க ஒரு தாளைக்கூடப் பிரிக்க முடியவில்லை. பதிவறை எழுத்தர் வயதானவர். வருத்தத்தோடு சொன்னார்: "இதைப் பாக்கணும்னு யாருமே வந்ததில்லைங்க சார். நீங்க ஒரு அஞ்சு வருசம் முன்னாடி வந்திருந்தா தெரிஞ்சிருக்குமுங்க." அவர் தன் சொந்தக் காசில் நாப்தலின் உருண்டையும் வசம்பும் வாங்கி மற்றக் கட்டுகளுக்குள் போட்டு வைத்திருந்தார். அந்த அறையில் மிஞ்சியவை அவரால் மிஞ்சியவை. இந்த மலரில் பெயர் வராத அப்படிப்பட்ட பதிவறை ஊழியர்கள் எல்லோருக்கும் நான் கைகூப்புகிறேன்.

சட்டம் நம் பக்கம்தான் நிற்கிறது. 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் மன்ற நடவடிக்கைகளைப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்றது. வரி செலுத்தும் எவரும் அதைக் கட்டணமில்லாமல் அலுவலகத்தில் வந்து பார்க்கலாம் என்றும் சொன்னது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் கொடுத்த உரிமை அது. 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டமோ 20 ஆண்டு கடந்த நிகழ்ச்சிகளைப் பற்றிய தகவலுக்குப் பெரும்பாலான விலக்குகள் பொருந்தாது என்கிறது, ஆவணங்களை அட்டவணைப்படுத்தி வைப்பதையும் அலுவலகத்தின் கடமையாக்குகிறது. 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசோடும் யூனியன் பிரதேசங்களோடும் நின்றுவிடுகிறது, நகர்மன்றக் கட்டுகளை எட்டிப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயர் கவுன்டி 1913இலேயே தனக்கென ஓர் ஆவணக் காப்பகத்தை அமைத்துக்கொண்டது. மற்றக் கவுன்டிகள் அதைப் பின்பற்றின. இன்று அந்த நாட்டில் ஒரு சாதாரணக் குடும்பம் தன் ஏழு தலைமுறையைத் தேடிப் பார்க்க முடிவது அதனால்தான். சேலத்தின் பதிவேடுகள் அவற்றுக்கு எந்த விதத்திலும் குறைந்தவை இல்லை.

ஆகவே மன்றத்தாரிடம் என் வேண்டுகோளை வெளிப்படையாகவே வைக்கிறேன். ஊரில் விஜயராகவாச்சாரியார் பெயரில் நினைவு நூலகமும் சொற்பொழிவு மண்டபமும் இருக்கின்றன. அதுபோல ஈரம் படாத ஓர் அறை, பழைய கட்டுகளுக்கென்று மட்டும் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஸ்கேன் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். முதலில் தீர்மானப் புத்தகங்கள். அடுத்து 1901 முதல் 1921 வரையான இறப்புப் பதிவேடுகள். பிறகு பனமரத்துப்பட்டி ஏரிக் கோப்புகளும் வரைபடங்களும். 1994இல் சேர்ந்த உள்ளாட்சிகளின் கட்டுகள் எங்கே கிடந்தாலும் கொண்டுவந்து ஒரு பட்டியலாவது போட வேண்டும். பட்டியல் இருந்தால் அரை உயிர் பிழைத்தது மாதிரி. வீடுகளில் இருக்கும் பழைய வரி ரசீது, வில்லை, குழாய் இணைப்பு உத்தரவு போன்றவற்றை நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தரும் முகாமை வார்டு வாரியாக நடத்தினால், அலுவலகத்தில் அழிந்ததில் ஒரு பங்காவது மக்களிடமிருந்து திரும்பி வரும். ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் மன்றங்களும் கூடவே சேர்ந்தால் இன்னும் நல்லது. குமாரமங்கலத்து டாக்டர் சுப்பராயன் 1926இல் மாகாண முதலமைச்சரானதும், புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் எழுந்ததும், 1937 அக்டோபர் 1 அன்று நாட்டுக்கே முன்னோடியாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்ததும் அந்த ஊர்களைச் சுற்றியும்தான்.

என் பங்குக்கு நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தெருவை எடுத்துக்கொள்கிறேன். கல்லூரி மாணவர்கள் நாலு பேர் கூட வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வரும் கோடை விடுமுறையில் அந்தத் தெருவின் மதிப்பீட்டுப் பதிவேட்டை, கிடைக்கும் மிகப் பழைய புத்தகத்திலிருந்து தொடங்கி வீடு வீடாகப் படியெடுக்கப் போகிறோம். தெருவில் குடியிருப்பவர்கள் பெட்டியைத் திறந்து ரசீதுக் கட்டை எடுத்து வைத்தால் போதும், நாங்கள் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறோம்.